மைக்கேல் பிரெக்கர்: செஷன் வாசிப்பு அவரை வீணாக்கியதா, வளர்த்ததா?

#1 கீழ்ஸ்தாயி

ஜாஸ் கேட்பவர்கள் நடுவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் மைக்கேல் பிரெக்கர் பெயர் வந்தாலே கூடவே ஒரு பெருமூச்சும் வருகிறது. "என்ன கை, என்ன மூச்சு! ஆனால் பாதி வாழ்க்கையை அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தே தீர்த்துவிட்டார்" என்பார்கள். இப்படி ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு அடுத்தவர் பாட்டுக்கு வாசிப்பதைத்தான் செஷன் வாசிப்பு என்கிறார்கள். பல வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்று எழுதுகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாக. 1949-இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா வக்கீல், வீட்டில் ஜாஸ் பியானோ வாசிப்பவர். அண்ணன் ராண்டி டிரம்பெட். மைக்கேல் கிளாரினெட்டில் ஆரம்பித்து, ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு வந்து, ஜான் கோல்ட்ரேனைக் கேட்ட பிறகு டெனர் சாக்ஸபோனில் நிலைத்தார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1960-களின் கடைசியில் நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கே அண்ணனோடும் டிரம்ஸ் கலைஞர் பில்லி கோப்ஹமோடும் சேர்ந்து 'டிரீம்ஸ்' என்ற குழு. ராக்கும் ஜாஸும் கலந்த அந்தக் குழு அதிக நாள் நிலைக்கவில்லை. அதற்குள் ஊரில் இருக்கிற ஸ்டுடியோக்காரர்களுக்கெல்லாம் இந்தப் பையன் யாரென்று தெரிந்துவிட்டது.

1972-இல் ஜேம்ஸ் டெய்லரின் 'டோன்ட் லெட் மி பி லோன்லி டுநைட்' பாட்டில் வருகிற டெனர் இவருடையது. அப்போது வயது 23. அதே காலத்தில் ஜாஸ் பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வர் குழுவிலும் வாசிக்கிறார். அதாவது பாப் (pop) பாட்டும் ஹார்ட் பாப் (hard bop) என்ற வகை ஜாஸும் ஒரே ஆளின் ஒரே வருடத்து வேலை.

இனி 1975-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பால் சைமனின் 'ஸ்டில் கிரேசி ஆஃப்டர் ஆல் தீஸ் இயர்ஸ்' பாட்டின் சோலோ. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் டு ரன்' ஆல்பத்தில் 'டென்த் அவென்யூ ஃப்ரீஸ்-அவுட்' பாட்டின் ஹார்ன் பகுதி (சாக்ஸபோன், டிரம்பெட் மாதிரி ஊதும் கருவிகள் சேர்ந்து வாசிப்பது). பார்லிமென்ட் குழுவின் 'மதர்ஷிப் கனெக்‌ஷன்'. இவற்றோடு, அண்ணன் தம்பி பெயரில் வந்த முதல் 'பிரெக்கர் பிரதர்ஸ்' ஆல்பம். மென்மையான பாட்டு, ராக், ஃபங்க், அதற்கு மேல் 'சம் ஸ்கங்க் ஃபங்க்' மாதிரி மூச்சு விடவே இடம் தராத சொந்த இசை. நாலுக்கும் நாலு விதமான ஒலி வேண்டும், நாலு விதமான காலக்கணக்கு வேண்டும். நாலிலும் அவர் பொருந்துகிறார். ஆனாலும் ரெண்டு ஸ்வரம் கேட்டால் போதும், இவர்தான் என்று தெரிந்துவிடும்.

பால் சைமன் பாட்டையே கவனித்துப் பாருங்கள். பாட்டு சுருதி மாறி மேலே ஏறுகிற இடத்தைப் பாடகர் கையில் கொடுக்காமல் சாக்ஸபோன் கையில் கொடுத்திருக்கிறார்கள். சில வரி நேரம்தான். அதற்குள் எங்கிருந்து கிளம்ப வேண்டும், எங்கே உச்சம், பாடகரை எந்த ஸ்வரத்தில் கொண்டுவந்து விட வேண்டும், எல்லாவற்றையும் தீர்மானித்தாக வேண்டும். மனோதர்மம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடக் கடினமான சோதனை எது? பத்து நிமிட சோலோவில் ஒரு சஞ்சாரம் சரியாக வராவிட்டால் அடுத்ததில் சரிக்கட்டலாம். இங்கே அடுத்தது என்பதே கிடையாது.

என் கருத்து இதுதான். செஷன் வாசிப்பு அவருடைய ஜாஸிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அந்த ஜாஸ் உருவானதே அங்கேதான்.

---

#2 எட்டுமாத்திரை

நல்ல தொடக்கம், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் தன் பெயரை மட்டும் போட்டு முதல் ஆல்பம் கொண்டுவந்தது 1987-இல். வயது 38. கோல்ட்ரேன் 40 வயதில் இறந்தே போய்விட்டார். அதற்குள் சாக்ஸபோன் என்றால் என்ன என்பதையே மாற்றி எழுதிவிட்டார். சானி ராலின்ஸ் 'சாக்ஸபோன் கொலோசஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்யும்போது 25 வயது. ஜாஸில் இருபதுகளின் பிற்பகுதியும் முப்பதுகளின் முற்பகுதியும்தான் புதிதாகத் தேடுகிற காலம். அந்தக் காலத்தை ஒருவர் மணிக்கணக்குக் கூலிக்கு விற்றுவிட்டால் பிறகு எவ்வளவு கிராமி வாங்கினாலும் திரும்பாது.

இன்னொன்று ஒலி. 70-களில் அவர் வாசித்த ஒலி மைக்குக்காகவே தீட்டப்பட்ட ஒலி. கூர்மை, பளபளப்பு, வானொலியில் கிட்டாரைத் தாண்டிக் கேட்கும். ஆனால் பழைய தலைமுறை டெனர்காரர் பென் வெப்ஸ்டர் வாசித்தால் ஸ்வரத்துக்கு முன்னால் காற்று வருமே, அந்த ஈரம் இதில் எங்கே? ஸ்டுடியோ அதைத் துடைத்துவிட்டது என்பேன்.

---

#3 ரீட்காரன்

நான் டெனர் வாசிக்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்றேன்.

"மணிக்கணக்குக் கூலி"ன்னு எட்டுமாத்திரை சொல்றது வெளியிலிருந்து பார்க்கிற பார்வை. அமெரிக்காவில் இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தப்படி ஒரு செஷன்னா பொதுவா மூணு மணி நேரம். போய் உட்கார்ந்ததும் முன்னாடி சார்ட் (ஸ்வரம் எழுதின தாள்) இருக்கும், அதுவரைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கவே மாட்டோம். பார்த்ததும் வாசிக்கணும். அதே ஆளே புல்லாங்குழலும் கிளாரினெட்டும் எடுத்து வாசிச்சா அதுக்குத் தனிச் சம்பளம் உண்டு, அதனால ஒண்ணுக்கு மேல கத்து வெச்சிருக்கணும். சில சமயம் சார்ட்டே இருக்காது. "இங்க ஏதாவது போடுங்க"ன்னு மட்டும் சொல்வாங்க. அந்த "ஏதாவது"தான் பாட்டு வெளிவந்த பிறகு எல்லாரும் முணுமுணுக்கிற பகுதியா ஆகியிருக்கும்.

ஹார்ன் செக்‌ஷன் வாசிக்கிறது அதைவிடப் பெரிய படிப்பு. பிரெக்கர் சகோதரர்கள் பக்கத்தில் டேவிட் சான்பர்ன் ஆல்ட்டோவோட நிற்கிறார்னு வெச்சுக்குங்க. மூணு பேரும் ஒரே இடத்தில் ஸ்வரத்தை ஆரம்பிச்சா மட்டும் போதாது. ஒரே இடத்தில் விடணும். ஸ்வரத்தை விடுற இடம் பிசகினா அந்த செக்‌ஷனே தளர்ந்து கேட்கும். சுருதியில் மயிரிழை விலகினாலும் ஹெட்ஃபோனில் பளிச்சுன்னு தெரியும். இதைத் தினமும் பத்து வருஷம் செய்த ஆள் பிறகு தனியா நின்னு வாசிக்கும்போது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தலையும் வாலும் துல்லியமா இருக்கும். 80-களில் அவரோட அதிவேக ஓட்டங்களைப் பாருங்க, ஒரு ஸ்வரம்கூடக் குழையாது. அந்தப் பழக்கம் செக்‌ஷனில் வந்தது.

ஒலி பத்தி: அவர் வாசிச்சது செல்மர் மார்க் சிக்ஸ் டெனர். பிற்காலத்தில் டேவ் கார்டலா செய்த உலோக மவுத்பீஸ். நாதஸ்வரக்காரங்களுக்கு சீவாளி எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு மவுத்பீஸும் ரீடும், பாதிக் குரல் அங்கேதான் இருக்கு. ஆனா அதே மவுத்பீஸை வாங்கி வெச்சுக்கிட்டு எத்தனையோ பேர் வாசிச்சுப் பார்த்தாச்சு, யாருக்கும் அந்த ஒலி வரலை. டெனரோட வழக்கமான எல்லைக்கு மேலே இருக்கிற ஸ்வரங்களை, ஆல்டிசிமோன்னு சொல்வோமே, அதை மத்தவங்க கத்தலா வாசிப்பாங்க. இவர் அங்கேயும் பாடுவார். அது தொண்டையிலும் வாய்க்குள்ளும் நடக்கிற வேலை, கருவி அதைச் செய்யாது.

---

#4 புதுக்காது

வணக்கம் எல்லோருக்கும். ஜாஸ் இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: 'பேக்கர் ஸ்ட்ரீட்', 'கேர்லெஸ் விஸ்பர்', 'ஜஸ்ட் தி வே யூ ஆர்', இந்தப் பாட்டுகளில் வருகிற சாக்ஸபோன் எல்லாம் பிரெக்கர்தானா? எங்கே தேடினாலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள்.

---

#5 நள்ளிரவுவானொலி

மூன்றுமே அவர் இல்லை. 'பேக்கர் ஸ்ட்ரீட்' (1978) ரஃபேல் ரேவன்ஸ்க்ராஃப்ட். 'கேர்லெஸ் விஸ்பர்' (1984) ஸ்டீவ் கிரெகரி. 'ஜஸ்ட் தி வே யூ ஆர்' (1977) ஃபில் வுட்ஸ், ஆல்ட்டோ. பிரெக்கர் வாசித்ததில் நீங்கள் நிச்சயம் கேட்டிருக்கக்கூடியது டயர் ஸ்ட்ரெயிட்ஸின் 'யுவர் லேட்டஸ்ட் டிரிக்' (1985). அதில் அண்ணனும் இருக்கிறார்.

நீங்கள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. கோடிக்கணக்கான பேர் மனப்பாடமாகப் பாடுகிற ஒரு சாக்ஸபோன் வரி, வாசித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. ரோலிங் ஸ்டோன்ஸின் 'டாட்டூ யூ' (1981) ஆல்பத்தில் சானி ராலின்ஸ் வாசித்திருக்கிறார். சானி ராலின்ஸ்! ஆல்பத்தில் அவருக்குப் பெயரே போடவில்லை. எட்டுமாத்திரை எடுத்துக்காட்டாகச் சொன்ன அதே ராலின்ஸ்தான். 'லேடி மடோனா'வில் ரானி ஸ்காட், ஸ்டீலி டானின் 'ஏஜா'வில் வெய்ன் ஷார்ட்டர், அதே ஆல்பத்து 'டீக்கன் புளூஸ்' பாட்டில் பீட் கிறிஸ்ட்லீப். எல்லோரும் ஜாஸ்காரர்கள்.

இதில் ஃபில் வுட்ஸ் கதையைத்தான் பிரெக்கர் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜூலியர்டில் கிளாரினெட் படித்தவர், குவின்சி ஜோன்ஸ் குழுவோடு ஐரோப்பா சுற்றியவர், பிறகு நியூயார்க் ஸ்டுடியோக்களில் வருடக்கணக்கில் வாசித்தவர். ஒரு கட்டத்தில் இது போதும் என்று 1968-இல் குடும்பத்தோடு பாரிஸ் போனார். அங்கே 'யூரோப்பியன் ரிதம் மெஷின்' என்று குழு கட்டி, தேடிப் போன ஜாஸை வாசித்தார். 1972-இல் அமெரிக்கா திரும்பினார். திரும்பி வந்த பிறகுதான் 'ஜஸ்ட் தி வே யூ ஆர்' வருகிறது. பால் சைமனின் அதே 1975 ஆல்பத்தில் 'ஹேவ் எ குட் டைம்' பாட்டிலும் வுட்ஸ் இருக்கிறார். ஒரே ஆல்பம்: ஒரு பாட்டில் ஸ்டுடியோவை விட்டு ஓடித் திரும்பியவர், இன்னொன்றில் ஸ்டுடியோவிலேயே வளர்ந்துகொண்டிருந்தவர். இருவரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ஆகவே எட்டுமாத்திரை சொல்வதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். ஸ்டுடியோ மூச்சுமுட்ட வைக்கும் என்பதற்கு வுட்ஸ் சாட்சி. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை.

---

#6 கீழ்ஸ்தாயி

வுட்ஸை இழுத்து வந்ததற்கு நன்றி வானொலி, பொருத்தமான இடத்தில் சொன்னீர்கள்.

எட்டுமாத்திரைக்கு:

> அவர் தன் பெயரை மட்டும் போட்டு முதல் ஆல்பம் கொண்டுவந்தது 1987-இல். வயது 38.

"மட்டும்" என்ற சொல்லில்தான் முழு வாதமும் தொங்குகிறது. 26 வயதிலேயே அண்ணனோடு குழு நடத்துகிறார். 1977-இல் இருவரும் சேர்ந்து மன்ஹாட்டனில் 'செவன்த் அவென்யூ சவுத்' என்ற கிளப்பைத் திறக்கிறார்கள். பகலில் ஸ்டுடியோவில் வாசித்தவர்கள் இரவில் அங்கே வந்து தங்களுக்காக வாசித்தார்கள். மைக் மைனியரியின் 'ஸ்டெப்ஸ்' குழு அங்கேதான் வளர்ந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்களைப் பாருங்கள்: ஸ்டீவ் காட், டான் குரோல்னிக், எடி கோமஸ். முக்கால்வாசிப் பேர் செஷன் உலகத்து ஆட்கள். ஸ்டுடியோ அவர்களை ஜாஸிலிருந்து பிரித்திருந்தால் அந்தக் கிளப்பில் இரவெல்லாம் என்ன நடந்துகொண்டிருந்தது?

அடுத்து 1980. கிட்டார் கலைஞர் பாட் மெத்தினியின் '80/81' பதிவுக்கு ஆஸ்லோ போகிறார். கூட பேஸில் சார்லி ஹேடன், டிரம்ஸில் ஜாக் டிஜானெட், இன்னொரு டெனராக டூவி ரெட்மன். மூவருமே சட்டகம் இல்லாமல் சுதந்திரமாக வாசித்து வந்தவர்கள். அங்கே செஷன் தந்திரம் எதுவும் செல்லாது. 'எவ்ரி டே ஐ தேங்க் யூ' கேளுங்கள். எட்டுமாத்திரை தேடுகிற ஈரம் அதில் இருக்கிறது. அடுத்த வருடம் பியானோ கலைஞர் சிக் கொரியாவின் 'த்ரீ குவார்ட்டெட்ஸ்'. அதைக் கேட்ட பிறகும் "தேடுகிற காலம் போய்விட்டது" என்று ஒருவர் சொல்ல முடியுமா? எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். 70-களில் அவர் போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்தார். 80-களின் தொடக்கத்தில் சிகிச்சை எடுத்து வெளியே வந்தார். பிறகு அதே சிக்கலில் இருந்த இசைக்கலைஞர்கள் பலருக்குக் கைகொடுத்தார். 1987-க்கு முன் ஏன் தனி ஆல்பம் வரவில்லை என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நேரத்தை விழுங்கியது ஸ்டுடியோ மட்டும்தான் என்பது போல எழுதிவிடுகிறார்கள்.

அந்த 1987 ஆல்பத்தில் மெத்தினி, ஹேடன், டிஜானெட் மூவரும் இருக்கிறார்கள், பியானோவில் கென்னி கிர்க்லண்ட். தயாரித்தவர் குரோல்னிக். பத்துப் பன்னிரண்டு வருடம் அடுத்தவர் பாட்டுகளில் சேர்த்த நட்பும் காதும் அப்படியே ஒரு தட்டில் வந்து இறங்கியது. 1989-இல் 'டோன்ட் டிரை திஸ் அட் ஹோம்' ஆல்பத்துக்கு முதல் கிராமி. மொத்தக் கணக்கு 15.

---

#7 எட்டுமாத்திரை

'த்ரீ குவார்ட்டெட்ஸ்' பெரிய ஆல்பம், அதில் வாதமே இல்லை. கிளப் பற்றிச் சொன்னதும் வலுவான பதில். போதைப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் அந்த வருடங்களை எடை போட வேண்டும் என்பதையும் ஏற்கிறேன்.

ஆனால் என் கவலை அவரைப் பற்றியது மட்டும் இல்லை, அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றியது. 80-களுக்குப் பிறகு இசைக் கல்லூரிகளிலிருந்து வந்த டெனர்காரர்களில் எத்தனை பேர் பிரெக்கரின் சொற்றொடர்களை அச்சு அசலாக வாசித்தார்கள்! கோல்ட்ரேனையும் ஒரு தலைமுறை நகல் எடுத்தது உண்மை. ஆனால் கோல்ட்ரேனின் தேடலை நகல் எடுக்க முடியாது, வெளித்தோற்றத்தை மட்டும்தான் எடுக்க முடியும் என்று சீக்கிரமே தெரிந்துவிடும். பிரெக்கரின் வாசிப்பு எல்லாக் கோணத்திலும் தீட்டி முடிக்கப்பட்டது. முடிந்துபோன பொருளாகக் கைக்கு வருவதால் நகல் எடுப்பது எளிது. அந்த முடிந்துபோன தன்மை ஸ்டுடியோ தந்தது என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.

---

#8 ரீட்காரன்

நகல் எடுக்கிறது எளிதுன்னு சொல்றவர் ஒரு தடவை எடுத்துப் பார்க்கணும் சார். விரல் பழகிடும், அது உண்மை. ஆனா அவர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால சாய்ஞ்சு உட்கார்ந்துட்டு, திடீர்னு முன்னால பாய்வாரே, அது எழுதி வெச்ச ஸ்வரத்தில் இருக்காது. பார்லிமென்ட் மாதிரி குழுக்களோட வாசிச்சவருக்குத்தான் அந்த இருப்பு வரும். ஜாஸ் வகுப்பறையில் அது கிடைக்காது. நகல் எடுக்கிறவங்க கோட்டை விடுறதும் சரியா அந்த இடத்தில்தான்.

---

#9 பியானோபெஞ்ச்

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். எல்லோரும் 1987-இல் நின்றுவிட்டீர்கள். "முடிந்துபோன பொருள்" என்ற சொல்லுக்கு அதற்குப் பிறகான இருபது வருடம்தான் பதில்.

முதலில் ஈ.டபிள்யூ.ஐ. நைல் ஸ்டைனர் கண்டுபிடித்த மின்னணுக் காற்றுக்கருவி. ஊதினால் சிந்தசைசர் ஒலிக்கும், எட்டு ஸ்தாயி எல்லை. டெனரில் பெயர் வாங்கிய ஒருவர் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு மேடையில் தனியாக நின்று, ஒரு வாத்தியக்குழு முழுவதையும் மூச்சில் எழுப்பினார். ஜாஸ்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த ஒலிகள் எல்லாமே பிடிக்கும் என்று சொல்லமாட்டேன், சில காலத்தால் பழசாகிவிட்டன. ஆனால் தீட்டி முடித்துவிட்டேன் என்று நினைக்கிறவர் நாற்பதை நெருங்கும்போது இப்படிப் புதிய கருவியைத் தொடமாட்டார்.

பிறகு 1990-களின் தொடக்கத்தில் பால் சைமனோடு உலகச் சுற்றுப்பயணம். திரும்பவும் பக்கவாத்தியம்! அந்த மேடையில் ஆப்பிரிக்க, பிரேசில் தாளக் கலைஞர்களோடு நின்றதற்குப் பிறகு அவர் வாசிப்பில் தாளம் வேறு மாதிரி ஆனது. 1996-இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி ஹட்சன்' கேட்டால் தெரியும். கடைசிக் காலத்தில் பல்கேரிய நாட்டுப்புற இசையைப் படித்துக்கொண்டிருந்தார், அந்த ஒற்றைப்படைத் தாளங்களில் ஈடுபாடு வந்திருந்தது.

2005-இல் எம்.டி.எஸ். எனப்படும் இரத்த நோய் என்று தெரியவந்தது. எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும், பொருந்துகிற கொடையாளர் கிடைக்கவில்லை. குடும்பம் அதை ஒளித்து வைக்காமல் வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தது. ஜாஸ் விழாக்களிலேயே பரிசோதனை முகாம்கள் நடந்தன. அவருக்குப் பொருத்தம் அமையாவிட்டாலும் அந்த முயற்சியில் ஏராளமானோர் கொடையாளராகப் பதிந்தார்கள். கடைசியில் மகளிடமிருந்து பாதிப் பொருத்தத்தோடு மாற்று சிகிச்சை நடந்தது.

2006 ஆகஸ்டில் ஸ்டுடியோவுக்குப் போனார். 'பில்கிரிமேஜ்' ஆல்பம். மெத்தினி, ஜான் பட்டிடுச்சி, டிஜானெட், பியானோவில் சில பாடல்களுக்கு ஹெர்பி ஹான்காக், சிலவற்றுக்கு பிராட் மெல்டாவ். எல்லாப் பாடல்களும் பிரெக்கரே எழுதியவை. 2007 ஜனவரி 13-இல் காலமானார், 57 வயது. ஆல்பம் அந்த மே மாதம் வந்தது. நான் பியானோ பக்கத்துக்காகத்தான் வாங்கினேன். டெனரை விட்டு நகர முடியவில்லை. நோயாளியின் வாசிப்பு என்று எந்த இடத்திலும் சலுகை கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. 'அனகிராம்' கேட்டுவிட்டு எட்டுமாத்திரை என்ன சொல்கிறார் என்று அறிய ஆசை.

---

#10 எட்டுமாத்திரை

'அனகிராம்' கேட்டேன், ஒரே இரவில் திரும்பத் திரும்ப. அங்கே யாரும் நகல் எடுக்கக்கூடிய எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. என் வாதத்தை 70-களோடும் 80-களின் பாதியோடும் நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பகுதியில் மட்டும் என் கருத்து அப்படியே நிற்கிறது.

---

#11 புதுக்காது

எல்லாவற்றையும் படித்தேன், மிக்க நன்றி. 'யுவர் லேட்டஸ்ட் டிரிக்' எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த பாட்டு, வாசித்தவர் பெயர் இன்றுதான் தெரியும். எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒரே ஒரு வழி சொல்லுங்கள் அண்ணா. பத்து ஆல்பம் சொன்னால் எனக்கு எதுவும் நிற்காது.

---

#12 கீழ்ஸ்தாயி

ஒரே பாட்டில் தொடங்குங்கள் தம்பி. முதல் பதிவில் சொன்ன 'டோன்ட் லெட் மி பி லோன்லி டுநைட்'. அதற்கு இரண்டு பதிவு உண்டு.

முதலாவது 1972, ஜேம்ஸ் டெய்லரின் ஆல்பம். பாட்டு அவருடையது, பிரெக்கர் விருந்தாளி. இரண்டாவது 2001, பிரெக்கரின் 'நியர்னெஸ் ஆஃப் யூ' ஆல்பம். இப்போது வீடு பிரெக்கருடையது, டெய்லர் வந்து பாடுகிறார். ஹான்காக், மெத்தினி, ஹேடன், டிஜானெட் கூட வாசிக்கிறார்கள். 2002 கிராமியில் இந்தப் பதிவுக்காகச் சிறந்த ஆண் பாப் பாடகர் விருது டெய்லருக்கு. அதே ஆல்பத்தின் 'சான்ஸ் சாங்' சோலோவுக்காகச் சிறந்த ஜாஸ் சோலோ விருது பிரெக்கருக்கு. ஒரு ஜாஸ் ஆல்பத்திலிருந்து பாப் விருது போகிறது! பாப் வேறு, ஜாஸ் வேறு என்று அவர் வாழ்க்கையை இரண்டாக அறுப்பவர்கள் இதை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள்?

கேட்கும் முறை: முதலில் 1972 பதிவின் சோலோவை மட்டும் கேட்டு, வாயால் பாட வரும்வரை திரும்பக் கேளுங்கள். சின்னதுதான், வந்துவிடும். பிறகு 2001. டெனர் பாடகரின் வரிகளுக்கு நடுவே எங்கே பேசாமல் இருக்கிறது என்று கவனியுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்ற இடத்திலும் அவர் அளந்துதான் வாசிக்கிறார். அதற்கப்புறம் '80/81'.

---

#13 ரீட்காரன்

அதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். '80/81' கேட்கும்போது நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. ரெண்டு டெனர் இருக்கு, ரெட்மன் ஒலி கரகரப்பா, கொஞ்சம் பேச்சு மாதிரி இருக்கும். பிரெக்கர் ஒலி நடுவில் இறுக்கமா இருக்கும். முதல் ரெண்டு மூணு தடவை குழப்பமாத்தான் இருக்கும். யார் எதுன்னு பிடிபட்டதும் இங்க வந்து எழுதுங்க, அடுத்து 'த்ரீ குவார்ட்டெட்ஸ்' பத்தித் தனி இழையே திறக்கலாம்.